கூனி இறாலுக்குப் பன்னிரண்டு மாதம்: பினாங்குக் கழிமுகத்தில் பதிவு எடுக்கத் தொடங்குவோருக்கு

பினாங்கில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்ட எல்லாரும் கூனி இறாலைச் சாப்பிட்டவர்கள்தான். அந்தச் சம்பாலுக்கு மணம் கொடுக்கும் பெலாச்சான், இந்தச் சின்ன இறாலை உப்புப் போட்டு இடித்து, வெயிலில் காயவைத்து, புளிக்கவிட்டுச் செய்தது. தமிழ்நாட்டில் சென்னாகூனி என்பார்கள், இலங்கையில் கூனி. இங்குள்ள மலாய் மீனவர் உடாங் கெராகாவ் என்றோ உடாங் பாரிங் என்றோ சொல்வார்கள். அறிவியல் பெயர் அசீட்டஸ்.

இது எந்த மாதம் நிறைய வரும், எப்போது சினை பிடிக்கும் என்று பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பதில் கிடைக்கும். ஒவ்வொருவரும் தமக்கு நன்றாகக் கிடைத்த ஆண்டை நினைவில் வைத்துச் சொல்கிறார்கள். உங்கள் கரையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று அறிய ஒரே வழி, ஒரே இடத்துக்கு, ஒரே மாதிரி ஓதத்தில் (கடல் நீர் ஏறி வற்றுவதுதான் ஓதம்), ஒரே வலையோடு, பன்னிரண்டு மாதமும் விடாமல் போய் வருவது. பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. இடைநிலைப்பள்ளியில் நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்கள், கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் யாரும் செய்யலாம். நான் பள்ளிப் பிள்ளைகளோடு செய்து பழகிய முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஆளை அடையாளம் காணுங்கள்

வலையின் மடியைக் கவிழ்த்ததும் வாளியில் கண்ணாடித் துண்டுகள் போலத் துள்ளும். உடல் தெளிவாக இருக்கும், கண் மட்டும் கறுப்பு. நீளம் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று சென்டிமீட்டர், சில பெண் இறால் நான்கைத் தொடும். ஆனால் கழிமுகத்தில் இதே அளவில் வேறு மூன்று வகை உயிர்களும் வலையில் சேர்ந்து ஏறும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

ஒன்று, பெரிய இறால்களின் குஞ்சு. வெள்ளை இறால், வரி இறால் எல்லாம் சின்ன வயதில் சேற்றுக் கரையில்தான் வளரும். குஞ்சுக்கு ஐந்து இணை நடைகால் இருக்கும். கூனிக்கு மூன்று இணைதான், நான்காவது ஐந்தாவது கால்கள் இல்லவே இல்லை. கைக்குவிலென்ஸ் வைத்துக் காலை எண்ணுங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

இரண்டு, மைசிட் என்னும் உயிரி. இறால் மாதிரியே இருக்கும். வால்விசிறியில் இரண்டு பக்கமும் மணி போல ஒரு பளபளப்பான உருண்டை தெரிந்தால் அது மைசிட். அதன் பெண், மார்புக்கு அடியில் ஒரு பையில் குஞ்சுகளைச் சுமக்கும்.

மூன்று, ஆற்று இறாலின் உறவினர்களான சின்ன இறால்கள். அவற்றின் பெண் முட்டைகளை வயிற்றுக்கு அடியில், நீந்துகால்களுக்கு இடையே ஒட்டிச் சுமக்கும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், கூனி இறால் முட்டையைச் சுமப்பதில்லை. நேராகத் தண்ணீரில் விட்டுவிடும். முட்டை மிதந்தபடியே பொரித்து, நாப்ளியஸ் என்ற முதல் பருவக் குஞ்சாகி, பல தடவை தோல் உரித்த பிறகுதான் இறால் உருவத்துக்கு வரும். என்னோடு வந்த ஒரு குழு முதல் இரண்டு மாதமும் வயிற்றடியில் முட்டை தேடி, “ஒன்றுமே சினையாக இல்லை” என்று எழுதி வைத்தது. அவர்கள் கையில் இருந்தவற்றில் பாதி சினை இறால். சினை உடம்புக்குள் இருக்கிறது, முதுகு வழியாகப் பார்க்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கூனியிலும் பல இனங்கள் உண்டு. மலாக்கா நீரிணைப் பக்கம் அசீட்டஸ் இண்டிகஸ், அசீட்டஸ் ஜப்பானிக்கஸ் உட்படப் பல இனங்கள் கலந்து வரும். அசீட்டஸ் இண்டிகஸ் 1830-இல் மில்ன் எட்வர்ட்ஸ் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் பெயரிட்ட இனம். அவருக்குக் கிடைத்தது கங்கை முகத்துவாரத்து இறால். கழிமுகத்தோடு இதற்கு இருக்கும் உறவு பெயர் வைத்த நாளிலிருந்தே தெரிந்ததுதான். இனம் பிரிக்க, வால்விசிறியில் இருக்கும் சிவப்புப் புள்ளிகளின் எண்ணிக்கையும் இடமும் உதவும். பெண் இறாலில் மூன்றாவது கால்களுக்கு இடைப்பட்ட மார்புத் தகட்டின் வடிவமும் உதவும். புள்ளி ஆல்ககாலில் வெளுத்துப்போகும், அதனால் உயிரோடு இருக்கும்போதே பாருங்கள். முதல் மாதத்திலேயே ஒவ்வொரு வகையிலும் ஐந்தாறு இறாலைத் தனிக் குப்பியில் போட்டு, தெரிந்த ஒருவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். தெலுக் பஹாங் பக்கம் முக்கா ஹெட்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல், கரையோர ஆய்வு மையம் இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போவது மரியாதை.

இனம் பிரிக்க முடியாவிட்டால் “கூனி, இனம் பிரிக்கவில்லை” என்று நேர்மையாக எழுதி வேலையைத் தொடரலாம். ஆனால் ஒன்று: இரண்டு இனம் கலந்த மாதிரியில், ஓர் இனத்தின் பெரியவையும் இன்னோர் இனத்தின் சிறியவையும் சேர்ந்து, ஒரே இனத்தின் இரண்டு தலைமுறை போலத் தோன்றும். இந்த எச்சரிக்கையை நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இடம் பிடிப்பது

ஆறு கடலில் சேரும் இடம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்க வேண்டும். தரை இடுப்பளவு நீரில் நடக்கும்படி இருக்க வேண்டும். படகு ஓடும் வழியாக இருக்கக் கூடாது. தீவில் தெலுக் பஹாங், தெலுக் கும்பார், பூலாவ் பெத்தோங் பக்கமெல்லாம் மீனவர் குடியிருப்புகள் உண்டு. பெருநிலத்தில் கெடா எல்லையை ஒட்டிக் குவாலா மூடா இருக்கிறது. காதோடு காதாக விலை சொல்லி ஏலம் எடுக்கும் ‘பாசார் பிசிக்’ அங்கேதான். ஒருநாள் போய் நின்று பாருங்கள். எந்த வாரம் என்ன வருகிறது என்பது அங்கே கூடைகளைப் பார்த்தாலே தெரியும்.

நல்ல இடம் எது என்று கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பாக்சிக்கிடம், அதாவது மலாய்ப் பெரியவரிடம், கேளுங்கள். சலாம் சொல்லி, என்ன செய்யப் போகிறோம் என்று விளக்கி, ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து உட்கார்ந்து பேசினால், சேறு எங்கே முழங்கால் வரை இழுக்கும், எங்கே பழைய கம்பி கிடக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். இந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள்.

அனுமதி விஷயம். மீன்பிடிப்பு இங்கே 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் வருகிறது. மீன்வளத் துறையின் மாவட்ட அலுவலகத்தில், என்ன வலை, எவ்வளவு பிடிப்போம், எதற்கு என்று ஒரு பக்கக் கடிதம் கொடுத்துப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் என்றால் அது தனி அனுமதி. பள்ளி சார்பாகப் போவதானால் தலைமையாசிரியர் கடிதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடத்தைத் தேர்ந்த பிறகு மாற்றக் கூடாது. ஆறாம் மாதம் “அந்தப் பக்கம் நிறைய இருக்கிறதாம்” என்று யாராவது சொல்வார்கள். போகாதீர்கள். போனால் முதல் ஐந்து மாதக் கணக்கும் வீண்.

நாள் குறிப்பது

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே இதற்குப் போதும். அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி நீர் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். பினாங்கில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்று. அட்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் சுருங்கிவிடும். மலாய் மீனவர் இதை ஆயர் மாத்தி, செத்த தண்ணீர், என்பார்கள். கூனி கூட்டம் கூட்டமாக நீரோட்டத்தோடு நகரும் உயிர். ஒரு மாதம் பௌர்ணமியிலும் அடுத்த மாதம் அட்டமியிலும் போனால், நீங்கள் அளந்தது பருவ வேறுபாடா ஓத வேறுபாடா என்று சொல்ல முடியாமல் போகும்.

நான் பௌர்ணமிக்கு அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ என்று வைத்துக்கொண்டேன். மாசி மகத்துக்குத் தெலுக் பஹாங் சிங்கமுகக் காளியம்மன் கோவில் தெப்பத் திருவிழா நடக்கும் நாளும் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். அந்த வாரம் கூட்டம் இருக்கும், வேறு வழியில்லை, ஆனாலும் நாளை மாற்றாமல் விடியற்காலையில் போய் வந்துவிடுவோம். நீர் வற்றி முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தொடங்கி, அடிவற்றில் முடிப்பது எங்கள் வழக்கம். மணி நேரத்துக்கு நிலஅளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையைப் பாருங்கள், பினாங்குக்குத் தனிப் பக்கம் உண்டு. பகலில் தொடங்கினால் பன்னிரண்டு மாதமும் பகல்தான். இரவில் கூனி மேல்நீருக்கு ஏறி வரும், அதனால் பகல் எண்ணிக்கையையும் இரவு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது.

வலையும் மற்ற சாமானும்

இங்கே காலங்காலமாகக் கூனி பிடிப்பது சுங்கோர் என்ற தள்ளுவலையில். இரண்டு மூங்கிலைக் கத்தரிக்கோல் போலக் குறுக்கே கட்டி, நடுவில் வலையைப் பொருத்தி, நடந்துகொண்டே முன்னால் தள்ளுவது. மீனவரின் வலை பெரியது, பழக்கம் இல்லாதவர் கையில் கனக்கும். வாய் ஒன்றரை மீட்டர் அகலமாக ஒன்று கட்டிக்கொண்டால் மாணவர்களும் தள்ளலாம்.

வலையில் கவனிக்க வேண்டியது மடியின் கண்ணி. பெலாச்சானுக்குப் பிடிக்கும் வலையில் சின்னக் குஞ்சு நழுவிவிடும், மீனவருக்கு அது தேவையும் இல்லை. நமக்கோ அந்தக் குஞ்சுதான் செய்தி. புதிய தலைமுறை வந்துசேர்ந்தது என்று சொல்வது அதுதான். எனவே மடிக்குள் ஒரு மில்லிமீட்டர் கண்ணி உள்ள துணியைத் தைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுக்க அதே துணி. கிழிந்தால் அதே கண்ணியில் மாற்றுங்கள்.

மற்றவை சின்னச் சாமான்கள்: ஐம்பது மீட்டர் கயிறு, வெப்பமானி, உப்புத்தன்மை பார்க்கும் கைக்கருவி, மூடியுள்ள வாளி, ஐஸ் பெட்டி, கைக்குவிலென்ஸ், சமையலறைத் தராசில் கொஞ்சம் நுணுக்கமானது, எழுபது விழுக்காடு ஆல்ககால், குப்பிகள். குப்பிச் சீட்டைப் பென்சிலில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்ககாலில் கரைந்துவிடும். எங்கள் மூன்றாம் மாதக் குப்பிகள் இரண்டு அப்படித்தான் பேரில்லாமல் போயின.

ஃபார்மலின் வேண்டாம். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அது கூடவே கூடாது.

கரையில் ஒரு காலை

இறங்குவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். சொறிமுட்டை (ஜெல்லி மீன்) மிதந்தால் அன்றைக்குக் கால்சட்டை, சாக்ஸ் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. பினாங்கு நீரில் பெட்டி சொறிமுட்டையும் உண்டு, அது ஆபத்தானது. ஒரு போத்தல் வினிகர் எப்போதும் கையோடு இருக்கட்டும். பட்ட இடத்தில் தேய்க்காமல் வினிகரை ஊற்றி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தென்மேற்குப் பருவக் காலத்தில் விடியற்காலையில் நீரிணையைத் தாண்டித் திடீரென்று சூறைக்காற்றோடு மழை வரும். மேற்கே வானம் கறுத்தால், இடி கேட்டால், வலையை அப்படியே விட்டுவிட்டுக் கரையேறுங்கள். நாள் தவறினால் மறுநாள் போகலாம்.

சரி, வேலை. முதலில் நீரின் வெப்பம், உப்புத்தன்மை, நேரம், காற்று வரும் திசை, முந்தைய மூன்று நாள் மழை, எல்லாவற்றையும் எழுதுங்கள். கால் நனைவதற்கு முன் எழுதிவிட வேண்டும், அப்புறம் மறந்துபோகும்.

கயிற்றைக் கரைக்கு இணையாக நீட்டி, அதன் வழியே ஐம்பது மீட்டர் வலையைத் தள்ளுங்கள். நிதானமான நடை, நிற்காமல். மடியில் வந்ததை வாளியில் கொட்டி, மீன் குஞ்சு, நண்டு, சொறிமுட்டையை உயிரோடு உடனே திருப்பி விடுங்கள். கூனியை மட்டும் வடித்து எடை போடுங்கள். இப்படி மூன்று தடவை, ஒவ்வொன்றும் பத்து மீட்டர் தள்ளி. மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும், ஒன்றாகக் கலக்கக் கூடாது. ஒவ்வொரு தள்ளிலிருந்தும் ஒரு கைப்பிடி போதும், மிச்சத்தைக் கடலில் விடுங்கள். அந்தக் கைப்பிடியை ஐஸில் வையுங்கள். நிறம் பார்க்கும் வேலை அன்றைக்கே முடிய வேண்டும்.

வலையில் ஒன்றும் வராவிட்டால் என்ன செய்வது? சுழி என்று எழுதுங்கள். இதைக் கேட்காதவர் இல்லை. முதல் முறை இந்தப் பதிவைத் தொடங்கியபோது, ஒன்றும் கிடைக்காத இரண்டு மாதத்தை “வீண் பயணம்” என்று நினைத்து நோட்டில் ஏற்றாமல் விட்டேன். ஆண்டு முடிவில் கோடு வரைந்தபோது அந்த இரண்டு மாதமும் வெற்றிடம். போகாத மாதமா, போய் ஒன்றும் கிடைக்காத மாதமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த ஆண்டின் பதிவு முழுவதும் பயனற்றுப் போயிற்று. கூனி இல்லாத மாதம்தான், இருக்கும் மாதத்துக்கு அர்த்தம் தருகிறது.

எண்ணுவது

ஒரு கைப்பிடியில் நூற்றுக்கணக்கில் இருக்கும், எல்லாவற்றையும் எண்ண வேண்டியதில்லை. ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் பழகுவதற்காக வைத்தவை. ஒரு தள்ளில் 180 கிராம் கூனி. அதை நன்றாகக் கலக்கி 5 கிராம் எடுத்து எண்ணினால் 115. அப்படியானால் கிராமுக்கு 23, மொத்தம் 4,140. வலை கடந்த நீர்: அகலம் 1.5 மீட்டர், தூரம் 50 மீட்டர், வலை நனைந்த உயரம் 0.6 மீட்டர், பெருக்கினால் 45 கன மீட்டர். நூறு கன மீட்டருக்கு 9,200 இறால். மாதாமாதம் இந்த ஒரே அலகில் எழுதினால் ஒப்பிடலாம்.

மூன்று தள்ளும் மூன்று விதமாக வந்தால் பதற வேண்டாம். 40 கிராம், 900 கிராம், 15 கிராம் என்று வரும். கூட்டமாக நகரும் உயிருக்கு இது இயல்பு. சராசரி போட்டால் 318 கிராம், ஆனால் உண்மையில் வலை ஒரு தடவை கூட்டத்துக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான். நடு எண்ணான 40-ஐயும் சேர்த்து எழுதுங்கள். வரைபடத்தில் மூன்று புள்ளியையும் காட்டுங்கள்.

நீளம், ஆண் பெண், சினை

மேசை வேலையில் அதிக நேரம் இங்கேதான் போகும், போகவும் வேண்டும். மாதத்துக்கு 200 இறால் என்று வையுங்கள். பெரியதாகப் பொறுக்கக் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு கரண்டியில் அள்ளியது எதுவோ அது.

நீளத்தை முன்கொம்பின் நுனியிலிருந்து வால்முள்ளின் நுனி வரை அளங்கள். கண்ணாடித் தட்டுக்கு அடியில் மில்லிமீட்டர் கட்டத்தாள் வைத்து, அதன் மேல் இறாலை நிமிர்த்தி வைத்தால் எளிது. கொம்பு ஒடிந்தது என்றால் விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள்.

ஆணா பெண்ணா? வயிற்றுப் பக்கம் திருப்பி, முதல் இணை நீந்துகாலைப் பாருங்கள். ஆணுக்கு அங்கே விந்துப்பொதியைக் கடத்தும் சிறு மடல் போன்ற உறுப்பு இருக்கும். ஆணின் சின்ன உணர்கொம்பில் பெண்ணைப் பிடித்துக்கொள்ள வளைந்த கொக்கி ஒன்றும் உண்டு. இரண்டும் இல்லாவிட்டால் பெண். மிகச் சிறியவற்றில் இது தெளிவாகத் தெரியாது. அவற்றைப் பெண் பக்கம் தள்ளாமல், “தெரியவில்லை” என்ற மூன்றாவது நிரையில் எழுதுங்கள். இந்தத் தவறால்தான் புதியவர்களின் பதிவில் பெண் எப்போதும் அதிகமாகத் தெரிகிறது.

எண்ணிக்கை சமமா இல்லையா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. 200-இல் பெண் 120, ஆண் 80 என்று வைப்போம். சமமாக இருந்தால் 100, 100 வர வேண்டும். வேறுபாடு 20. அதை வர்க்கப்படுத்தி 100-ஆல் வகுத்தால் 4, இரு பக்கமும் சேர்த்து 8. இந்த எண் 3.84-ஐத் தாண்டினால், தற்செயல் என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஆணும் பெண்ணும் தனித்தனியாகத் திரளும் நாட்களும் இருக்கலாம், ஒரே மாதத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

இப்போது சினை. ஐஸிலிருந்து எடுத்த பெண் இறாலை வெள்ளைத் தட்டிலும் கறுப்புத் தட்டிலும் மாற்றி மாற்றி வைத்து, முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். தலையோட்டுக்குள் தொடங்கி வால் வரை முதுகோரமாகச் சினைப்பை நீளும். நான்கு நிலையாகப் பிரித்தால் போதும். ஒன்று, ஒன்றுமே தெரியாது, இளசு. இரண்டு, மெல்லிய கோடு போலத் தெரியும். மூன்று, கோடு தடித்து, ஒளி ஊடுருவாமல் நிறம் பிடித்திருக்கும். நான்கு, தலையோட்டுக்குள் நிறைந்து, வயிற்றுப் பகுதி முழுக்கப் பரவி, முட்டைகளைத் தனித்தனியாகவே காணலாம். முட்டை விட்டு முடித்தது மறுபடி தளர்ந்து மெலிந்து இரண்டாம் நிலையைப் போல இருக்கும். அளவில் பெரிய இறால், சினை மட்டும் மெலிந்தது என்றால் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள்.

பாதி நிறைந்த குடலைச் சினை என்று நினைத்துவிடுவதும் நடக்கும். குடல் ஒல்லியாக, பழுப்பாக, விட்டுவிட்டுத் தெரியும். சினை அகலமாக, இரண்டு பக்கமும் ஒரே சீராக இருக்கும். முதல் மாதம் ஒரே இறாலை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து நிலை எழுதி, ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். எங்களுக்குள் மூன்றாம், நான்காம் நிலையில்தான் எப்போதும் கருத்து வேறுபாடு. கடைசியில் இரண்டையும் சேர்த்து “முதிர்ந்தது” என்றே கணக்கிட்டோம்.

எந்த நீளத்தில் முதிர்கிறது என்பதும் இதிலேயே கிடைக்கும். 20 மில்லிமீட்டர் பெண்களில் நூற்றுக்கு 40, 22 மில்லிமீட்டரில் நூற்றுக்கு 65 முதிர்ந்தவை என்றால், பாதி முதிரும் நீளம் 21-க்கு அருகில். அந்த நீளத்துக்கு மேற்பட்ட பெண்களை மட்டும் எடுத்து, அவற்றில் முதிர்ந்தவை நூற்றுக்கு எத்தனை என்று மாதந்தோறும் எழுதுங்கள். மொத்தப் பெண்களையும் வைத்து நூற்றுவீதம் போட்டால், குஞ்சு நிறைய வந்த மாதத்தில் சினை குறைந்துவிட்டது போலப் பொய்த் தோற்றம் வரும்.

ஆண்டு முழுவதையும் படிப்பது

எந்த நீளத்தில் எத்தனை இறால் என்று காட்டும் நீளப் படம் மாதத்துக்கு ஒன்று, ஆணும் பெண்ணும் தனித்தனியாக, பன்னிரண்டையும் ஒரே தாளில் மேலிருந்து கீழாக ஒட்டுங்கள். மேடு ஒன்று மாதத்துக்கு மாதம் வலப்பக்கம் நகர்ந்தால் அது வளர்ச்சி. இடப்பக்கம் புதிதாக இன்னொரு மேடு முளைத்தால் புதிய தலைமுறை வந்துவிட்டது. சினை முதிர்ந்த மாதத்துக்கும் குஞ்சு மேடு முளைத்த மாதத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறித்து வையுங்கள். இந்தப் பதிவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. அளந்து அளந்து எழுதிய எண்களிலிருந்து ஓர் உயிரின் பிறப்பும் வளர்ச்சியும் தாளில் எழுந்து வருகிறது.

ஜப்பானில் கியூஷூ தீவின் அரியாக்கே விரிகுடாவில் அசீட்டஸ் ஜப்பானிக்கஸ் ஆண்டுக்கு இரண்டு தலைமுறை காண்கிறது. குளிர்காலத்தைக் கடக்கும் தலைமுறை ஒன்பது, பத்து மாதம் வாழும். கோடைத் தலைமுறைக்கு மூன்று மாதம் போலத்தான் ஆயுள். அங்கே குளிர்தான் கடிகாரம். பினாங்கில் கடல் நீர் ஆண்டு முழுக்க 30 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கிறது. வெப்பமண்டலத்தில் கூனி ஏறக்குறைய எல்லா மாதமும் முட்டை விடும், சில மாதங்களில் அது தூக்கலாக இருக்கும். அதனால் உங்கள் படத்தில் இரண்டு, மூன்று மேடு ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கலங்கலாக இருந்தால் அது உங்கள் தவறு என்று நினைக்காதீர்கள்.

இங்கே மாறுவது மழை. தைப்பூசத்தை ஒட்டிய வாரங்கள் காய்ந்து கிடக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மழைத் தூக்கல். செப்டம்பர், அக்டோபரில் அதைவிடப் பெரிய தூக்கல். மழை ஆற்றைப் பெருக்கிக் கழிமுகத்தின் உப்பைக் குறைக்கிறது. கூடவே மண்ணிலிருந்து சத்தையும் கொண்டுவருகிறது. அதனால் மிதவைப் பாசி பெருகும், அதைத் தின்னும் நுண்ணுயிர் பெருகும், இரண்டையும் கூனி தின்னும். ஒரே மழை ஒரு பக்கம் விரட்டுகிறது, இன்னொரு பக்கம் ஊட்டுகிறது. எனவே எண்ணிக்கைக் கோட்டை மழையோடு நேருக்கு நேர் வைப்பதோடு நிறுத்தாமல், ஒரு மாதம், இரண்டு மாதம் தள்ளியும் வைத்துப் பாருங்கள்.

எண்ணிக்கை விழுந்த மாதத்தைச் செத்துப்போன மாதம் என்று எழுதிவிடாதீர்கள். உப்பு குறைந்தால் கூனி வெளிக் கடலுக்கு நகர்ந்திருக்கலாம். மீன் கூட்டம் வந்து தின்றிருக்கலாம். காற்று வேறு கரைக்குத் தள்ளியிருக்கலாம். நீளப் படம் இதற்குக் கொஞ்சம் பதில் சொல்லும். பெரியவை மட்டும் காணாமல் போய்க் குஞ்சு நிறைந்திருந்தால் ஒரு கதை, எல்லா அளவும் சேர்ந்தே மறைந்தால் வேறு கதை.

ஓர் ஆண்டை வைத்து “பினாங்கில் கூனி இந்த மாதம்தான்” என்று யாருக்கும் சொல்ல வேண்டாம். அடுத்த ஆண்டும் அதே மேடு அதே மாதத்தில் வந்தால் சொல்லலாம். தீவின் தென்கரையில் கடலைத் தூர்த்து நிலம் எடுக்கும் வேலை 2023-இல் தொடங்கிவிட்டது. அப்படிப்பட்ட கரைகளில், இப்போது எடுக்கும் பதிவைப் பின்னால் யாராலும் திரும்ப எடுக்க முடியாது. அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் அடுத்த பௌர்ணமிக்கே இறங்கினால் நல்லது.

வரைபடம் முடிந்ததும், முதல் நாள் தே தாரிக் குடித்தபடி இடம் காட்டிய பாக்சிக்கிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நான் காட்டியபோது அவர் எண்களைப் பார்க்கவில்லை, சுழி விழுந்த மாதத்தில் விரலை வைத்தார். அந்த இரண்டு வாரமும் மேல்காற்று விடாமல் அடித்தது, கெராகாவ் எல்லாம் பாறை மறைவுக்குப் போயிருக்கும், எங்களுக்கும் அப்போது ஒன்றும் கிடைக்கவில்லை என்றார். என் நோட்டில் நான் போன காலையின் காற்று மட்டும்தான் இருந்தது, முந்தைய வாரத்துக் காற்று இல்லை. அதற்கு ஒரு நிரை அன்றைக்கே கோடு போட்டுச் சேர்த்தேன்.